கோடை முட்டைக்குக் கிளிஞ்சல் வையுங்கள்

பங்குனி வெயில் ஏறியதுமே கோழி வளர்க்கும் வீடுகளில் முட்டை ஓட்டைப் பற்றிய புலம்பல் தொடங்கிவிடும். விரல் பட்டால் அமுங்கும் தோல்முட்டை, அடையில் வைத்ததும் கீறல் விடும் முட்டை என்று அக்னி நட்சத்திரம் கழியும்வரை இந்தத் தொல்லைதான். வெயிலில் கோழி தீனியைக் குறைக்கிறது. கூடவே சுண்ணாம்புச் சத்தும் குறைகிறது. வாயைப் பிளந்து இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டுக்கும் தட்டுப்பாடு வருகிறது.

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. “கேழ்வரகு போடுகிறோமே” என்பார்கள். நல்ல தானியம்தான். ஆனால் 100 கிராமில் கிடைப்பது 350 மில்லிகிராம் அளவே. ஒரு முட்டைக்கே அரைக் கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். நாள் முழுக்கக் கோழி தின்பதோ 100 கிராம் சொச்சம். கம்பு, சோளம், அரிசிக் குருணையில் இன்னும் சொற்பம்.

ஆகவே இப்போதே கிளிஞ்சல் வாங்கி வையுங்கள். மாவாக வேண்டாம், உளுந்து அளவுக்கு நொறுக்கியதே நல்லது. ஓடு பெரும்பகுதி இரவில்தான் கட்டுகிறது. சாயங்காலம் தின்ற துண்டு வயிற்றில் தங்கி, விடிய விடியக் கரைந்து சத்தைக் கொடுக்கும். மாலை நாலு மணிவாக்கில் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். தீனியில் கலந்துவிட்டால் குஞ்சுகளும் தின்னும். மிதமிஞ்சிய கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் அடுப்படி முட்டை ஓடே போதும். கழுவி, வாணலியில் வறுத்து, நன்றாக நொறுக்கிப் போடுங்கள். பாதி ஓடாக வீசினால் முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் வரும். வந்த பழக்கத்தை நிறுத்துவது பெரும்பாடு. வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் கூடவே கூடாது, வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

கல் வைப்பது வேறு சங்கதி. பல்லில்லாத கோழிக்கு வயிற்றிலுள்ள அரைவைப்பைதான் அம்மி. அங்கே கரையாத கல் வேண்டும். கிளிஞ்சல் கரைந்துவிடுவதால் அரைக்க உதவாது. புழக்கடையில் மேயும் கோழி கல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும். மாடியிலும் கூண்டிலும் அடைத்து வளர்ப்பவர்கள், முழுத் தானியமும் கீரையும் போடுவதாக இருந்தால், கருங்கல் பொடிச்சலைச் சலித்துக் கழுவி இன்னொரு சட்டியில் வைக்க வேண்டும். கடைத் தீவனமாவு மட்டும் தின்னும் கோழிக்கு இது அவ்வளவு அவசியமில்லை. கடற்கரை மணலில் உப்பு இருக்கும், வேண்டாம்.

நிழலில் குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தாகத்தில் கிடக்கும் கோழி தீனியையும் தொடாது. இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று வாரத்தில் ஓடு தேறாவிட்டால், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோயிலும் தோல்முட்டை விழும்.