வெட்டுண்ட அலையும் விளைந்த இசையும்

ஒலியியலை ஒரு தாளாகவும் மின்னணுவியலை வேறொரு தாளாகவும் படித்துத் தேர்வு எழுதுகிறோம். இவ்விரண்டும் உள்ளங்கையளவு பெட்டி ஒன்றில் சந்திப்பதைப் பலர் அறிவதில்லை. நம் விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் போன்ற திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவின் கிதார் கலைஞர், பாட்டின் நடுவே காலால் ஒரு பெட்டியை மிதிப்பதைக் கண்டிருப்பீர்கள். மணிபோல் ஒலித்த கிதார் அக்கணமே கரகரத்து முழங்கும். அந்தப் பெட்டி கிட்டாகவும் விற்பனைக்குக் கிடைக்கிறது. பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் எவரும் சில மாலைப் பொழுதுகளில் அதைச் செய்து முடிக்கலாம். செய்வது எளிது, செய்ததை அறிவது வேறு. அதுபற்றியே இக்கட்டுரை.

பழுதே பயனானது

அலை உருவம் கெடுவதை 'உருக்குலைவு' என்கிறோம். நல்ல பெருக்கியில் அது இருக்கலாகாது என்பது பாடம். ஆனால் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளியான பாடல் ஒன்றின் ஒலிப்பதிவின்போது, ஒலிக்கலவை மேசையின் ஒரு பகுதி பழுதுபட்டுக் கிதார் ஒலி கரகரத்தது. அதை நீக்காமல் அப்படியே வெளியிட்டனர், கேட்டவர்கள் விரும்பினர். பொறியாளர் கிளென் ஸ்னோடி அந்தப் பழுதை வேண்டும்போது உண்டாக்கும் மின்சுற்றை ஆராய்ந்தார். 1962-இல் கிப்சன் நிறுவனம் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெட்டியை மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுடன் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாடலில் பயன்படுத்தியபின் அதன் புகழ் உலகெங்கும் பரவியது.

தம்புராவின் நூல்

இதை மேனாட்டார் மட்டுமே கண்ட புதுமை என்று எண்ண வேண்டாம். நம் தம்புராவைப் பாருங்கள். குதிரையின் வளைந்த பரப்புக்கும் தந்திக்கும் இடையே ஒரு மெல்லிய நூலைச் செருகி, சரியான இடத்திற்கு நகர்த்துவார்கள். அதனையே ஜீவா என்பர். நூல் இல்லையேல் தந்தி வெறுமனே ஒலிக்கும். நூல் வந்ததும் ஒலி ரீங்கரித்து விரியும்.

ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழமாட்டா என்பது விதி. தம்புராவிலும் வீணையிலும் அம்மேற்சுரங்களும் எழுவதைச் சர் சி. வி. இராமன் 1921-இல் எடுத்துக்காட்டினார். அதிரும் தந்தி வளைந்த குதிரையை விட்டுவிட்டுத் தொடுவதே காரணம். ஆக, நூலால் நம்மவர் செய்ததை மேனாட்டார் டிரான்சிஸ்டராலும் டையோடாலும் செய்தனர் எனலாம். வழி வேறு, மேற்சுரங்களைப் பெருக்கும் நோக்கம் ஒன்றே.

பெட்டிக்குள் என்ன?

எளிய கிட்டுகளில் ஒரு வகை, 1970-களில் எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் செய்த 'டிஸ்டார்ஷன் பிளஸ்' மின்சுற்றைப் பின்பற்றியது. அதன் உயிர் 741 என்னும் ஐ.சி. ஆம், நாம் செய்முறை வகுப்பில் பெருக்கியாக இணைத்துப் பார்க்கும் அதே 741 தான்!

கிதாரின் எஃகுத் தந்தி, காந்தமும் பல்லாயிரம் சுற்றுக் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப்பின் மேல் அதிர்கிறது. பாரடே விதிப்படி சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 741 அதைப் பெருக்குகிறது. பின்னூட்ட மின்தடை 10 லட்சம் ஓம். மறுபுறம் 4,700 ஓமுடன் தொடராக ஒரு மாறு மின்தடை. அதன் குமிழைத் திருகினால் பெருக்கம் கூடும் அல்லது குறையும். மாறு மின்தடை சுழியாகும்போது பெருக்கம் ஏறத்தாழ 213 மடங்கு வரை செல்ல இடமுண்டு.

பெருகிய அலை 10,000 ஓம் மின்தடை வழியே இரண்டு டையோடுகளைச் சந்திக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் தரையுடன் இணைக்கப்பட்டவை. ஜெர்மானியம் டையோடு சுமார் 0.3 வோல்ட்டிலும், சிலிக்கன் டையோடு சுமார் 0.6 வோல்ட்டிலும் கடத்தத் தொடங்கும். அதற்கு மேல் எழும் முகடுகள் மழுங்குகின்றன. மலைபோன்ற அலை மேசைபோல் ஆகிறது.

முகடு வெட்டுண்டால் இசைக்கு என்ன ஆகும்? ஃபூரியர் விடை தருகிறார். இருபுறமும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை மடங்குகள் தோன்றும். தந்தி 110 ஹெர்ட்ஸ் என்றால் 330, 550, 770 என வலுப்பெறும். 110-ஐ ஷட்ஜமாகக் கொண்டால் 330 மேல் ஸ்தாயிப் பஞ்சமம். 550 அதற்கும் மேலான ஸ்தாயியின் அந்தர காந்தாரம். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு டையோடுகளைத் தொடராக வைத்துச் சமன் குலைத்தால் 220, 440 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் சேரும். கரகரப்பு என்று நாம் கேட்பது கணக்குக்கு உட்பட்ட சுரக்கூட்டமே.

"இது எதுக்கு?"

கிட்டுடன் வரும் தாளில் எண்கள் உண்டு. முதல் எண் மின்தடையை முதல் துளையில் செருகு, பற்றவை என்று வரிசையாகச் செய்தால் பெட்டி வேலை செய்துவிடும். ஒன்றும் புரியாமலேயே வேலை செய்துவிடும் என்பதுதான் ஆபத்து.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை பட்டாசுத் தொழிலாளி. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் வெடியுப்பு எரிவதற்கு ஆக்சிஜன் தருவது, கந்தகம் எளிதில் தீப்பற்ற உதவுவது, அலுமினியப் பொடி வெண்ணொளி தருவது என்று தம் கைப்பொருள் ஒவ்வொன்றின் வேலையையும் அறிந்தவர். அறியாமல் கலப்பவன் உயிரோடு வீடு திரும்ப மாட்டான் என்பார். நான் பலகையில் பாகங்களைப் பொருத்தும்போது அருகில் அமர்ந்து ஒவ்வொன்றையும் சுட்டி, "இது எதுக்குய்யா?" என்று கேட்டார்.

இரண்டு 10 லட்சம் ஓம் மின்தடைகள் எதற்கு? 9 வோல்ட்டைப் பாதியாக்கி, அலை மேலும் கீழும் அசைய 4.5 வோல்ட்டில் நடுநிலை தருவதற்கு. நுழைவாயில் மின்தேக்கி எதற்கு? நேர்மின்சாரத்தைத் தடுத்து அலையை மட்டும் விடுவதற்கு. டையோடுகளுடன் உள்ள சிறு மின்தேக்கி எதற்கு? கீச்சொலியைச் சற்று மழுக்குவதற்கு. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் கேள்வியும் இதுவே அன்றோ? பட்டம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் பொதுவான கேள்வி அது. விடை சொல்ல இயலாத பட்டம், தாளாகவே நின்றுவிடும்.

ஆய்வகத்தில் சோதிக்க

கிதார் இல்லாதவர் வருந்த வேண்டாம். அலை இயற்றியிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ், 10 மில்லிவோல்ட் சைன் அலையை உள்ளே செலுத்துங்கள். நூறு மடங்கு பெருகினால் 1 வோல்ட். வெளிவரும் அலையைச் சி.ஆர்.ஓ. திரையில் பாருங்கள். டையோடுகளைக் கழற்றியும், ஜெர்மானியத்துக்குப் பதில் சிலிக்கன் வைத்தும் வரைந்து ஒப்பிடுங்கள். பாடநூலின் 'கிளிப்பர்' படம் கண்முன் உயிர்பெறும்.

ஓர் எச்சரிக்கை நம் வட்டாரத்துக்கே உரியது. சாலிடரிங் இரும்பின் முனை 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கருமருந்தோ திரியோ உள்ள இடத்திலும், ஆலை உடுப்பு தொங்கும் அறையிலும் அதைச் சூடேற்றவே கூடாது. ஈயம் கலந்த பற்றாசு எனில் புகையை முகராமல், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவ வேண்டும்.

முடிவுரை

1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பிறர் செய்ததைப் பார்த்துத் திரும்பியதோடு நில்லாமல், இந்த வறண்ட மண்ணில் அத்தொழிலை ஊன்றினர். கிட்டும் அத்தகைய ஒரு கல்கத்தாப் பயணமே. முதல் பெட்டியை அவர்கள் தந்த தாளைப் பார்த்துச் செய்வோம். இரண்டாவது பெட்டியை நாமே கணக்கிட்டு, சென்னை ரிச்சி தெருவிலோ அருகிலுள்ள வானொலிக் கடையிலோ பாகங்களைத் தனித்தனியே வாங்கிச் செய்வோம். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுக்கும்போது "இது எதுக்கு?" என்று கேட்போம். விடை தெரிந்த பிறகே பற்றவைப்போம்.