வன்தட்டும் நாமும்

இலக்கியக் கட்டுரைகள் நிறைந்த நம் சங்க இதழில் இத்தகைய பொருளைப் பற்றி எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். நான் கணினியியல் படித்தவனும் அல்லேன், வரலாறு பயில்பவன். ஆயினும் சென்ற குளிர்காலத்தில் எனக்கு நேர்ந்த இழப்பு நம் விடுதியில் இன்னொருவருக்கு நேரலாகாது என்ற எண்ணமே என்னை எழுதத் தூண்டியது.

என் மடிக்கணினி அக்காளிடமிருந்து எனக்கு வந்தது. டில்லிக்கு வந்த சில மாதங்களில் அது மிகவும் சோர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடித்தாலும் திரை விழிக்காது. பிறகு உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஓர் ஒலி கேட்கத் தொடங்கியது. பழைய பொருள் அப்படித்தான் இருக்கும் என்று வாளாவிருந்துவிட்டேன். ஒருநாள் காலை அது எழவேயில்லை.

ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அதனோடு போயின. அவற்றை மீண்டும் எழுதிக்கொண்டேன். ஆனால், விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது எங்கள் ஆச்சி சொன்ன பழங்கதைகளை எட்டுப் பதிவுகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆச்சி அந்த ஆவணியிலேயே காலமாகிவிட்டார். இயல்களைத் திரும்ப எழுதலாம். ஆச்சியைத் திரும்பப் பேசச் சொல்ல முடியுமா?

அன்றுதான் இந்த வன்தட்டு என்பது யாது, அது ஏன் கெடுகிறது, எவ்வாறு மாற்றுவது என்று அறிந்துகொள்ளப் புறப்பட்டேன். மேல்மாடியில் இருக்கும் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எனக்கு ஆசிரியரானார். அவரை நாங்கள் அண்ணா என்றே அழைப்போம். அவரிடம் கற்றதையும் என் கையால் செய்து பார்த்ததையும் இங்கே சொல்லுகிறேன்.

சுழலும் தட்டு

கணினியில் நினைவு இருவகை. ஒன்று மின்சாரம் நின்றதும் மறந்துவிடும்; மற்றொன்று மறவாது. மறவாத நினைவே வன்தட்டு. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு ஆளுயர அலமாரி போன்றது. அதனுள் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டொரு படங்களுக்குக்கூட அந்த இடம் போதாது.

மடிக்கணினியில் உள்ளது அதன் பேரப்பிள்ளை. காந்தப் பூச்சு பூசிய சிறு தட்டு ஒன்றோ இரண்டோ, பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். தட்டின் விளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். அதன்மீது எழுதும் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்களே. நம் தலைமயிரின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர்! இயங்கும் கணினியைக் கட்டிலிலிருந்து தூக்கி மேசைமேல் ‘தொப்’பென்று வைக்கிறோமே, அப்போது அந்த முனைக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

மந்தத்திற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஒரு கோப்பைப் படிக்க வேண்டுமானால் முனை உரிய வட்டத்திற்கு நகரவேண்டும். பிறகு உரிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 17 மில்லிநொடி. அப்படியானால் ஒரு நொடியில் அறுபது இடங்களுக்குமேல் அதனால் எட்ட இயலாது. கணினி எழுந்திருக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்குமாகப் படிக்கவேண்டியுள்ளது. தேநீர் ஆறிப் போனதில் வியப்பென்ன?

அசையாத தட்டு

இன்று பரவலாக வந்துவிட்ட எஸ்.எஸ்.டி. என்பதில் தட்டும் இல்லை, முனையும் இல்லை. சில்லுகளில் உள்ள நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்துவைத்து நினைவு காக்கிறது. அசையும் உறுப்பு இல்லாததால் காத்திருத்தல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சுழலும் தட்டு நொடிக்கு 100 மெகாபைட் அளவில் படித்தால், அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் எஸ்.எஸ்.டி. 500-க்கு மேல் படிக்கும். பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர் தர இதைவிடச் சிறந்த வழி இல்லை.

வாங்குமுன் மூன்றைப் பார்க்கவேண்டும். முதலாவது வடிவம். சுழலும் தட்டு இருந்த இடத்தில் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. பொருந்தும், அதன் தடிமன் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். பழைய பெட்டி 9.5 மில்லிமீட்டர் தட்டுக்கு உரியதாயின் இடைவெளியை நிரப்ப ஒரு சட்டம் வைக்கவேண்டும். இரண்டாவது இணைப்பு. புதிய கணினிகளில் எம்.2 என்னும் குச்சி போன்ற வடிவம் உண்டு. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை. ஒன்றை ஏற்கும் கணினி மற்றதை ஏற்காமல் போகலாம். சில மெல்லிய கணினிகளில் சில்லுகள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற இயலாது. மூன்றாவது கொள்ளளவு. 500 கிகாபைட் வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவே.

மாற்றும் முறை

என் கணினியில் மாற்றியபோது படியெடுக்க எதுவும் மிஞ்சவில்லை, வெறுந்தட்டைப் பொருத்தினேன். முறையாகச் செய்தது அறைத் தோழனின் கணினியில்தான். அவனுடையதும் மெல்ல நகர்ந்தது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு தட்டின் உடல்நிலையைப் பார்த்தோம். வன்தட்டு தன் நோயைத் தானே குறித்து வைக்கிறது. பழுதான கூறுகளுக்குப் பதிலாக வேறிடம் தந்த எண்ணிக்கை அதில் இருக்கும். அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால் தாமதிக்கலாகாது. அவனுடையது ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் அவனுடைய முக்கியமான கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்தோம். கணினி பூட்டுக்குறியிட்டுக் காக்கப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோலையும் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். பிறகு நேரு பிளேஸ் சென்று எஸ்.எஸ்.டி.யும், அதை யு.எஸ்.பி. வழியாக இணைக்க ஓர் உறையும் வாங்கினோம். தைவானில் உருவான குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, பழைய தட்டை அப்படியே புதியதில் படியெடுத்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை. எது மூலம், எது இலக்கு என்று மென்பொருள் கேட்கும். மாற்றிச் சொல்லிவிட்டால் வெறுந்தட்டு நிறைந்ததன்மேல் படியும். உள்ளது யாவும் அழியும். பெயரையும் கொள்ளளவையும் மூன்று முறை உரக்கப் படித்த பிறகே நான் ‘ஆம்’ என்று அழுத்தினேன். கை நடுங்கியது உண்மை.

பின்னர் கணினியை முழுதும் நிறுத்தி, மின்கம்பியை எடுத்து, பேட்டரியையும் கழற்றினோம். திருகாணிகளைக் கழற்றும்போதே ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் ஒட்டிவைத்தோம். டில்லிக் குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது பொறி பறப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பொறி சில்லுகளுக்கு நஞ்சு. ஆதலின் கம்பளியைக் களைந்துவிட்டு, குழாய் போன்ற உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வந்து அமர்ந்தோம். பழைய தட்டை நேராக இழுத்து எடுத்து, புதியதை நேராகத் தள்ளிப் பொருத்தியதும் வேலை முடிந்தது. பழையதை உடனே அழிக்காமல் ஒரு மாதம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார் அண்ணா.

இறுதியாக ஒன்று

என் தட்டைக் காப்பாற்ற நான் செய்த பேதைமையையும் சொல்லிவிடுகிறேன். யாரோ சொன்னார்கள் என்று அதை ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்தேன். வெளியே எடுத்ததும் ஈரம் படிந்தது. இருந்த சிறு நம்பிக்கையும் போயிற்று. மூடியைத் திறந்து பார்ப்பதும் அவ்வாறே. ஒரு தூசு போதும் முனையை முறிக்க. ஒலி கேட்டவுடன் நிறுத்திவிட்டு அறிந்தவரிடம் கொடுப்பதே முறை.

எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டால் கவலை இல்லை என்றும் எண்ண வேண்டாம். சுழலும் தட்டு முனகிவிட்டுச் சாகும். இதுவோ சில வேளை ஓசையின்றியே போய்விடும். அழித்த கோப்பை இதிலிருந்து மீட்பதும் அரிது. எந்தத் தட்டும் ஒருநாள் கெடும். கெடாதிருப்பது படி ஒன்றே.

நம் பழைய நூல்கள் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? ஓலை என்றும் நிலைக்கும் என்று நம் முன்னோர் நம்பவில்லை. கறையான் அரிக்குமுன் ஒருவர் இருந்து புதிய ஓலையில் படியெடுத்தார். படியெடுப்பார் இல்லாத சுவடிகள் மறைந்தன. நம் கையிலுள்ள தட்டும் ஓலைதான்.

ஆச்சியின் எட்டுப் பதிவுகளில் ஒன்று மட்டும் இன்று என்னிடம் இருக்கிறது. முன்பு ஒருநாள், விளையாட்டாக, அதை அக்காளுக்கு அனுப்பியிருந்தேன். இப்போது அது மூன்று இடங்களில் இருக்கிறது. நண்பர்களே, இந்த இதழை மூடிவைத்ததும் உங்களிடம் உள்ளவற்றில் எது போனால் திரும்பாது என்று எண்ணிப் பாருங்கள். இன்றிரவே அதற்கு ஒரு படி எடுத்துவிடுங்கள்.