சோற்றுத் தட்டை எட்டும் குறுஞ்செய்தி

வேப்பந்தட்டை வட்டாரத்தில் தாய்மாரின் உணவைச் சீராக்கும் பணியில் அடியெடுத்து வைக்கும் இளம் ஊட்டச்சத்துப் பணியாளருக்கு,



பச்சைமலை அடிவாரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இவ்வட்டாரத்தில், கூலி வேலைக்குச் செல்லும் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கைபேசிக் குறுஞ்செய்தி வழியே உணவு அறிவுரை அனுப்பலாம் என்னும் எண்ணம் இயல்பாகவே எழக்கூடியது. செலவு குறைவு, ஒரே நொடியில் நூற்றுக்கணக்கானோரைச் சென்றடையும். தேவையும் பெரிது: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆயினும் செய்தி போய்ச் சேர்வது வேறு, உண்பது மாறுவது வேறு. பெறுபவர் தாமே முடிவெடுத்து, வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டே செய்யக்கூடியதைக் கேட்கும் செய்திக்குத்தான் பலன் உண்டு என்பதை இப்பணியின் முதல் விதியாகக் கொள்ளலாம்.

குறுஞ்செய்தி உணவுப் பழக்கத்தை மாற்ற வல்லது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து அனுப்பியது. 2013இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுகளில் செய்தி பெற்றோரில் நூற்றுக்கு 18 பேருக்கும் பெறாதோரில் 27 பேருக்கும் நீரிழிவு வந்தது. ஒவ்வொருவரும் மாற்றத்துக்கு எந்த அளவு ஆயத்தமாக இருக்கிறார் என்பதைப் பார்த்து அதற்கேற்ற செய்தியை அனுப்பியது அதன் சிறப்பு. ஆனால் அவர்கள் வேலையில் இருந்த ஆண்கள். கைபேசியும் வருமானமும் அவர்கள் கையிலேயே இருந்தன. வேப்பந்தட்டைத் தாய்மாருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழையாகும்.

தாய்மாருக்கென்றே நடந்த முயற்சிகளின் பாடம் இன்னும் நுட்பமானது. நடுவண் அரசின் கில்காரி திட்டம் கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை வாரம் ஒன்றாக 72 குரல்செய்திகளைக் கைபேசிக்கு அனுப்புகிறது. மத்தியப் பிரதேசத்தில் அதைச் சமவாய்ப்புச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அதாவது செய்தி பெறுவோரையும் பெறாதோரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, கருத்தடைப் பழக்கம் சற்று உயர்ந்ததே தவிர, தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. நாக்பூரில் தினசரிக் குறுஞ்செய்தியோடு, பயிற்சி பெற்ற ஆலோசகர் வாரந்தோறும் தாயுடன் நேரடியாகத் தொலைபேசியில் உரையாடிய ஆய்விலோ, ஆறாம் மாதத்தை நெருங்கும் வேளையில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தோர் விகிதம் இவை கிடைக்காத பிரிவைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இரண்டும் வேறுவேறு சூழலில் நடந்தவையாதலால் இந்த ஒப்பீட்டை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள இயலாது. எனினும் பதில் பேச இடமளிக்கும் செய்திக்கே வலு அதிகம் என்னும் திசையை அது காட்டுகிறது. அதே நாக்பூர் ஆய்வில், பிறந்தவுடன் பாலூட்டத் தொடங்கும் வழக்கம் மட்டும் உயரவில்லை. அது தாயின் விருப்பத்தைவிடப் பிரசவ அறையின் நடைமுறையைப் பெரிதும் சார்ந்தது.

ஆகவே எழுதத் தொடங்குமுன், கைபேசி யாருடையது என்று இளம் பணியாளர் விசாரித்தறிய வேண்டும். கர்ப்பப் பதிவின்போது கொடுக்கப்படும் எண் கணவருடையதாக இருக்கலாம். நியாய விலைக் கடையில் பொருள் வாங்கியதும் வரும் குறுஞ்செய்தி குடும்பத்தலைவரின் பையிலேயே ஒலித்து அடங்குவது போல, உணவு அறிவுரையும் அங்கேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, கணவரும் மாமியாரும் படிக்கத்தக்க வகையில் எழுதுவதே முறை. விடியற்காலையில் களையெடுக்கவோ பருத்தி எடுக்கவோ செல்பவருக்குப் பகல் செய்தியால் பயனில்லை. மறுநாள் சமையலுக்குத் திட்டமிடும் மாலை நேரமே ஏற்றது.

குறுஞ்செய்தியின் அளவும் ஒரு கட்டுப்பாடு. ஆங்கிலத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு செய்தி, யூனிகோடு முறையில் எழுதப்படும் தமிழில் 70 குறிகளையே கொள்ளும். 'கீ' போன்ற உயிர்மெய் இரண்டு குறிகளாகக் கணக்கிடப்படுவதால், முருங்கைக்கீரை என்னும் ஒரு சொல்லே 14 குறிகளை எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு செய்திக்கு ஒரு செயல் மட்டுமே. எழுத்துக் கூட்டிப் படிப்போருக்குக் குரல்செய்தியே தக்கது. அதுவும் நூல்நடையில் இல்லாமல் வட்டாரப் பேச்சில் அமைய வேண்டும்.

என்ன சொல்வது என்பதே இப்பணியின் உயிர். பழமும் பாதாமும் உண்ணச் சொல்லும் செய்தி, கூலி வருவாயில் வாழும் வீட்டில் குற்றவுணர்வைத் தவிர வேறெதையும் சேர்க்காது. நியாய விலைக் கடையின் துவரம்பருப்பு, வேலியோரத்து முருங்கை, கம்பு, நிலக்கடலை, முட்டை, அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு ஆகியவற்றிலிருந்து செய்தி தொடங்க வேண்டும். தேநீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், கீரையில் எலுமிச்சை பிழிந்தால் கூடும் என்பன காசு செலவில்லாத அறிவுரைகள். சத்துமாவு தாய்க்கு உரியது, வீட்டார் அனைவரும் பங்கிட்டுக்கொள்வதற்கு அன்று என்பதைக் கணவருக்கு அனுப்பும் செய்தி நாசூக்காகச் சொல்லலாம். குழந்தை பெருத்தால் பிரசவம் கடினம் என்றெண்ணிக் குறைத்துண்பதும், பிரசவத்துக்குப்பின் பத்தியம் என்று காய்கறியை விலக்குவதும் வழக்கில் உள்ள வீடுகளில், பெரியவர்களை இகழாமல் மாற்று வழி காட்டுவதே விவேகம்.

செய்தியைத் தனியே விடாமல், கிராம சுகாதார செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் இணைக்க வேண்டும். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்து, எடை குன்றியவர்களுக்கு மட்டும் துணையுணவு அளித்து, தாய்மாரோடு அமர்ந்து பேசுவதையே தன் வழியாகக் கொண்டிருந்தது. கைபேசி அந்தப் பேச்சுக்குத் துணையாகலாம்; அதன் இடத்தை எடுத்துக்கொள்ள இயலாது. 'இந்த வாரம் இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்ததா?' என்ற கேள்விக்கு 'தீர்ந்தது' என்று பதில் வந்தால், அது செவிலியரை எட்டி மாத்திரை வீடு சேர வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாவிடில் கேள்வியே கேட்காதிருப்பது நேர்மை.

பலனை அளக்கும்போது எத்தனை செய்திகள் அனுப்பப்பட்டன என்று எண்ணுவது பயனற்றது. பெண்களின் உணவுப் பன்முகம் என்னும் எளிய அளவுகோல் உண்டு: முந்தைய ஒரு பகலிலும் இரவிலும், வரையறுக்கப்பட்ட 10 உணவு வகைகளில் குறைந்தது 5 உண்ணப்பட்டனவா என்று அது கேட்கிறது. சோறு, பருப்பு, கத்தரிக்காய் சேர்ந்தால் மூன்று. முருங்கைக்கீரை சேர்ந்தால் நான்கு. ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி நிலக்கடலையோ சேர்ந்தால் ஐந்து. இது ஒருவரைத் தேர்ச்சி பெற்றவர், தவறியவர் என்று பிரிக்கும் கருவி அன்று. ஊரின் நிலையை அறியும் கருவி.

ஐந்தாவது வகையை வாங்கப் பணமில்லாத வீட்டில் எத்தனை செய்தி அனுப்பியும் அந்த எண்ணிக்கை உயராது. அத்தகைய வீடுகளைக் கண்டறிந்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உரிய காலத்தில் அவர்களை அடையச் செய்வதே, அடுத்த குறுஞ்செய்தியை எழுதுவதைவிட இளம் பணியாளர் முதலில் முடிக்க வேண்டிய வேலை.