மீண்டும் புதையல் தீவில்

நமது கல்லூரியில் யான் கீழ்வகுப்பு மாணவனாயிருந்த காலத்தில், ஆங்கில ஆசிரியர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளின் இறுதிப் பாடவேளையில் பாடநூலை மூடிவைத்துவிட்டுக் கதைநூல் ஒன்றை உரக்க வாசிப்பார். அவ்வாறு எமக்கு அறிமுகமானதே றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன் எழுதிய ‘புதையல் தீவு’. ஏனைய நாட்களில் மணியோசைக்குக் காத்திருக்கும் வகுப்பு, அன்று மட்டும் மணியை வெறுத்தது. பின்னர் நூலகப் பிரதியை இரவல் பெற்றபோது, எனக்கு முன் அதனைப் படித்த கடற்கொள்ளையன் எவனோ தீவின் வரைபடத்தைக் கிழித்துச் சென்றிருந்தான்! கதையிலுள்ள குறிப்புக்களைக் கொண்டு யானே ஒரு படம் வரைந்து திருப்தியடைந்தேன்.

இந்நூலின் வரலாறே ஒரு படத்தில்தான் தொடங்குகின்றது என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தேன். 1881 ஆம் ஆண்டு, ஸ்கொத்லாந்திலுள்ள பிறேமார் என்னும் ஊரில், மழையினால் வீட்டினுள்ளே அடைபட்டிருந்த ஸ்டீவன்சன், தம் மனைவியின் மகனாகிய லொயிட் என்னும் சிறுவனுடன் வர்ணந் தீட்டி விளையாடுகையில் ஒரு தீவை வரைந்தார். அப்படத்திலிருந்து கதை பிறந்தது. பதினைந்து அதிகாரங்கள் விரைவில் உருவாகின. பின்னர் ஊற்று வற்றியது. எஞ்சிய பகுதியைச் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலேயே அவர் எழுதி முடித்தார். அவ்வாண்டு ஒக்டோபரிலிருந்து சிறுவர் வார இதழொன்றிலே புனைபெயருடன் தொடராக வந்த கதை, 1883 இல் நூலாயிற்று. அச்சுக்கு அனுப்பிய மூலப்படமோ காணாமற் போய்விட்டது. கதையைப் படித்து அதற்கிணங்க வேறொரு படம் வரையவேண்டிய நிலை ஆசிரியருக்கே ஏற்பட்டது. நூலகப் பிரதியில் யான் பட்ட பாட்டை அவரும் பட்டிருக்கின்றார் என்று அறிந்தபோது ஒருவகை மகிழ்ச்சி உண்டாயிற்று.

அண்மையில் அந்நூலை மீண்டும் படித்தேன். குருடன் பியூவின் கோல் தட்டும் ஓசையும், பென் கன்னின் பாற்கட்டி ஆசையும் மறக்கவில்லை. மறந்துபோனவையே வியப்பளித்தன. பதினோராம் அதிகாரத்தில் அப்பிள் பீப்பாயினுள்ளே ஒளிந்திருந்து சதித்திட்டத்தைக் கேட்கின்றான் ஜிம் ஹோக்கின்ஸ். அதிலே அவனை முதலிற் சுடுவது கொலைத்திட்டமன்று. கப்பற் சமையற்காரன் லோங் ஜோன் சில்வர் தன்னிடம் கூறிய அதே புகழுரைகளை, ஓர் எழுத்தும் மாறாமல், வேறோர் இளம் மாலுமிக்கும் கூறுகின்றானே என்பதுதான்! நம்மை மெச்சிய பெரியவர் ஒருவர் எல்லோரையும் அவ்வாறே மெச்சுபவர் என்று அறியும் வேளையில் ஓர் இளைஞனுக்கு உண்டாகும் கோபம் அது. பன்னிரண்டு வயதில் இதனை யான் கவனிக்கவேயில்லை. சதியை அறிவதிலேயே கண்ணாயிருந்தேன்.

இனி முப்பதாம் அதிகாரம். ஜிம் கொள்ளையரின் கையிற் சிக்கியிருக்கின்றான். அவனைக் கொல்ல முயலும் கூட்டத்தைத் தடுத்து நிறுத்துபவன் சில்வர். மறுநாட் காலை, நோயுற்ற கொள்ளையருக்கு மருந்து கொடுக்க வருகின்றார் வைத்தியர் லிவ்சி. ஓடிவிடமாட்டேன் என்று வாக்குப் பெற்றுக்கொண்டே சில்வர் அவருடன் பேசச் சிறுவனை விடுகின்றான். வேலியைத் தாண்டிக் குதி, பழி என்னைச் சேரட்டும், ஓடிவிடுவோம் என்று வைத்தியர் மன்றாடுகின்றார். ஜிம் மறுக்கின்றான். வதைத்தால் மறைவிடத்தைச் சொல்லிவிடுவேனோ என்று அஞ்சிக்கொண்டே மறுக்கின்றான். நீங்களாயினும் இவ்வாறு செய்யமாட்டீர்கள் என்று வைத்தியரிடமே கூறுகின்றான்.

இவ்விடத்தில் எங்கள் ஆசிரியர் வாசிப்பை நிறுத்தி, “குதித்திருக்கக் கூடியவர் எவர்?” என்று கேட்டார். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. அவர் ஒன்றும் கூறாமற் பக்கத்தைப் புரட்டினார். வீடு திரும்பும் வழியெல்லாம் அதுபற்றியே நண்பனுடன் வழக்காடினேன். கொலைகாரனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு வாக்காகுமா? தன்னை நம்பி வந்த ரொம் என்னும் மாலுமியை ஊன்றுகோலால் வீழ்த்திக் குத்திக் கொன்றவன் அன்றோ சில்வர்? அக்கொலையை ஜிம் தன் கண்ணாற் கண்டவனுமாவான். ஆயினும் கேட்டவனின் தகுதியை எடைபோட்டு அவன் தன் வாக்கை அளக்கவில்லை. இது இப்போது எனக்கு விளங்குகின்றது. வேடிக்கை யாதெனில், இது விளங்கிய இவ்வயதிலும், பேரப்பிள்ளைகளைக் கண்ட யான், வேலிக்கு அப்பால் நின்று “குதி, மகனே” என்று கெஞ்சுபவர் பக்கமே நிற்கின்றேன். கையை மீண்டும் உயர்த்தவே தோன்றுகின்றது. காரணம் மட்டும் வேறு.

நூலிற் குறைகள் இல்லாமலில்லை. இக்கட்டான வேளைகளிலெல்லாம் ஜிம்முக்கு அதிர்ஷ்டம் அளவுமீறியே உதவுகின்றது. வேட்டைநிலக் காவலன் ரெட்ரூத் போன்ற நல்லோரின் சாவுகளைக் கதை விரைவாகக் கடந்துவிடுகின்றது. எனினும் கணக்கை அது மறைக்கவில்லை. கப்பலிற் சென்றோர் இருபத்தாறு பேர். அவர்களுள் அதிலேயே ஊர் மீண்டோர் ஐவர். படத்தை நம்பி ஓடியவர்கள் கண்டதோ வெறுங்குழி. புதையலைப் பென் கன் முன்னரே குகைக்கு மாற்றியிருந்தான்.

இந்நூலைக் கையிலெடுக்கும் மாணவத் தம்பியர் சண்டைகளை விரைந்து படிக்கட்டும். பதினோராம், முப்பதாம் அதிகாரங்களிற் சற்றுத் தங்கட்டும். இறுதிப் பக்கத்தில், வெள்ளிக் கட்டிகள் இன்னும் அத்தீவிலேயே கிடக்கின்றன என்று ஜிம் கூறுகின்றான். எருதுகளைப் பூட்டி இழுத்தாலும் தான் அங்கு திரும்பேன் என்கின்றான். அன்று அவ்விடத்தைப் படித்தபோது அவனை மூடன் என்று எண்ணி, என் படத்தில் அவ்வெள்ளி கிடக்கும் இடத்திற்குச் சிவப்பு மையினால் ஒரு புள்ளடி இட்டேன்.