மீண்டும் வளரும் கல்லீரல்

நம் உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். இழந்த பகுதியை ஈடுசெய்து வளரும் ஆற்றல் இதற்கு உண்டு. 1931-ஆம் ஆண்டு ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் வெள்ளை எலிகளின் கல்லீரலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை வெட்டி நீக்கினர். எஞ்சிய பகுதி சில வாரங்களுக்குள் பழைய எடையை எட்டியது!

இவ்வளர்ச்சியைத் தூண்டுவது எது? 1984-இல் ஜப்பானிய அறிஞர் நாகமுராவும் அவர் குழுவினரும், அவ்வாறு வெட்டப்பட்ட எலிகளின் இரத்தத்தில் கல்லீரல் உயிரணுக்களைப் பெருகச் செய்யும் ஒரு புரதத்தைக் கண்டனர். அதுவே ‘கல்லீரல் உயிரணு வளர்ச்சிக் காரணி’.

அப்படியானால், திடீரெனக் கல்லீரல் செயலிழந்தோருக்கு அதை ஊசி மூலம் செலுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். கல்லீரல் உயிரணுக்களை மடியச் செய்யும் பொருள் செலுத்தப்பட்ட சுண்டெலிகளை இப்புரதம் காத்தது உண்மையே. ஆயினும் சோதனைச்சாலையில் பாதிப்பு நேரும் வேளை முன்கூட்டியே தெரியும். நோயாளியோ பாதிப்பு முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருகிறார். மேலும், 1988-இல் அத்தகைய நோயாளியின் இரத்தத்திலிருந்தே இப்புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. வளர்க என்னும் கட்டளை இருந்தாலும், அதை ஏற்று நடக்க நலமான உயிரணுக்களும் வேண்டுமல்லவா? உடலில் புற்றுநோய் மறைந்திருப்பின், அதுவும் இத்தூண்டுதலால் வளரக்கூடும் என்ற அச்சமும் உண்டு.

மாணவியரே! காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையும் அளவு மீறினால் கல்லீரலை அழித்துவிடும். குறித்த அளவுக்கு மேல் ஒருபோதும் உண்ணாதீர்கள்.