கிடார் வாங்கப் போகிறீர்களா? ஸ்டீல் ரூலை எடுத்துக்கொள்ளுங்கள்!



நம் விடுதியில் அறைக்கு ஒரு கிடார் உண்டு என்று சொன்னால் அது மிகை. ஆனால் மாடிக்கு ஒன்று நிச்சயம் உண்டு. அவற்றில் பாதி ஆணியில் தொங்குகின்றன, மீதி கட்டிலுக்கு அடியில் உறையோடு தூங்குகின்றன. "விரல் வலிக்குதுடா, நமக்கெல்லாம் மியூசிக் வராது" என்று சொல்லிவிட்டு நம்மவர்கள் கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறார்கள். வராதது மியூசிக்கா, வாய்த்தது மோசமான கிடாரா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. நாங்கள் அளந்து பார்த்தோம்.

என் அறை நண்பன் (பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்) இரண்டாமாண்டு விடுமுறையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் சென்னைக்குப் போய் ஒரு கிடார் வாங்கினான். கடையில் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. "எடுத்துப் பாக்கலாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறான். "வாங்குறதா இருந்தா சொல்லு தம்பி, எடுத்துத் தர்றேன்" என்று பதில் வந்தது. அவனுக்கு அப்போது வாசிக்கவும் தெரியாது, எதைச் சோதிப்பது என்றும் தெரியாது. நிறம் பிடித்திருந்தது, வாங்கிவிட்டான். மூன்று மாதத்தில் விரல்நுனி கன்றிப்போனது. எஃப் கார்டு கடைசிவரை வரவேயில்லை. கிடார் ஆணிக்குப் போனது.

ஒருநாள் மெட்ராலஜி லேப் முடிந்து வந்த மாலையில் விளையாட்டாகத்தான் அதைக் கீழே இறக்கினோம். 12-ஆவது ஃபிரெட்டின் மேல் ஸ்டீல் ரூலை நிறுத்தி, தடித்த கம்பியின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தோம். 4.5 மில்லிமீட்டர்! இரும்புக் கம்பி கிடாருக்கு அந்த இடத்தில் ஏறக்குறைய 2.5 மி.மீ. இருந்தால் சுகமாக அழுத்தலாம், மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. போதும். இந்த உயரத்தைத்தான் கிடார்க்காரர்கள் 'ஆக்‌ஷன்' என்கிறார்கள். அவன் மூன்று மாதம் வாசித்தது சங்கீதம் இல்லை, உடற்பயிற்சி.

"சேடிலை அரத்தால ராவிட்டா இறங்கிடும்டா" என்றேன் நான். சேடில் என்பது பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டை. இங்கேதான் முதலாமாண்டு வடிவொத்த முக்கோணம் கைகொடுக்கிறது. 12-ஆவது ஃபிரெட், கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் 1 மி.மீ. இறங்க வேண்டுமானால், கோடியில் இருக்கும் சேடிலில் 2 மி.மீ. குறைக்க வேண்டும். எங்களுக்கு இறங்க வேண்டியது 2 மி.மீ., அப்படியானால் ராவ வேண்டியது 4 மி.மீ. ஆனால் சேடில் வெளியே தெரிந்ததே 3 மி.மீ.தான்! கணக்கு முடிந்தது, அந்தக் கிடாரின் கதையும் முடிந்தது. கடையிலேயே இரண்டு நிமிடம் அளந்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம் இது. அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு கோடை முழுக்க லேத்தில் நின்ற காசு இல்லையா?

உயரம் அதிகமானால் வலி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சுருதியும் கெடும். இதற்குக் கொஞ்சம் ஃபிரெட் கணக்கு தெரிய வேண்டும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 2-இன் பன்னிரண்டாம் மூலம் 1.05946. அதாவது ஒவ்வொரு படிக்கும் கம்பியின் நீளத்தை இந்த எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். இதையே வேறு மாதிரிச் சொன்னால், மிச்சமிருக்கும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான தூரம் வரும். 650 மி.மீ. கம்பியில் முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.48 மி.மீ. தள்ளி, 12-ஆவது ஃபிரெட் 325-இல். பழைய காலத்தில் 17.817-க்குப் பதில் 18 என்றே வைத்துக்கொண்டார்கள். 1581-இல் இதை நூலில் எழுதியவர் வின்சென்சோ கலிலி, நம் இயற்பியல் கலிலியோவின் அப்பா! 18-ஆல் போட்டுப் பாருங்கள், 12-ஆவது ஃபிரெட் பாதிக்கு 2.4 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும்.

இன்று ஃபிரெட் பள்ளங்களை இயந்திரம் வெட்டுவதால் அந்தத் தப்பு அபூர்வம். ஆனால் உயரத்தில் இருக்கும் கம்பியை அழுத்தும்போது அது இழுபடுகிறது, சுருதி ஏறுகிறது. இதைச் சரிக்கட்டத்தான் சேடிலைச் சற்றுச் சாய்த்து, கணக்குக்கு மேல் கொஞ்சம் தள்ளி வைக்கிறார்கள். ஆக்‌ஷன் 4.5 என்றால் அந்தச் சரிக்கட்டலும் போதாது. சோதனை சுலபம். 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு நாதம் வரும். பிறகு அதே இடத்தில் நன்றாக அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். காது பழகாதவர்கள் போனில் டியூனர் வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, வேறு கிடார் வாங்குவது என்று முடிவாயிற்று. போனிலேயே பார்த்து வரவழைத்துவிடலாம் என்றான் அவன். நான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறினோம். சட்டைப் பையில் 150 மி.மீ. ஸ்டீல் ரூல், ஒரு ஃபீலர் கேஜ்.

சென்னையின் இசைக்கடைகள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. அண்ணா சாலை மியூசி மியூசிக்கல், 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடை. ஒரு காலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடார் என்றால் கொல்கத்தாவில் செய்த கிவ்சன்தான். 2001 ஏப்ரலில் நுகர்பொருள் இறக்குமதியின் அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு வெளிநாட்டுக் கிடார்களும் சுவரில் தாராளமாகத் தொங்க ஆரம்பித்தன. 2019-இல் யமஹா சென்னைக்கு அருகிலேயே ஆலை திறந்து கிடார் செய்யத் தொடங்கியது. கண்ணாடி அலமாரி போய், கைக்கெட்டும் ஸ்டாண்டு வந்தது. இப்போது அதற்கும் ஆபத்து வந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் போன கடை ஏ.சி. போட்ட பெரிய ஷோரூம். நாலைந்து பேர் கிடாரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சென்னையில் எந்தக் கடையில் யார் கிடாரை எடுத்தாலும் முதலில் வருவது 'இளைய நிலா'வின் ஆரம்பம்தான்! அந்தப் பாட்டு வந்தது 1982-இல். அன்றும் இரண்டு பேர் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசிக்கத் தெரியும் என்று காட்ட அது சரி, கிடாரைச் சோதிக்க அது போதாது. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக மெதுவாக ஏறி வர வேண்டும். எங்காவது 'ஜிர்ர்' என்றால் அங்கே ஒரு ஃபிரெட் தூக்கி நிற்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஃபீலர் கேஜை எடுத்ததும் கடை அண்ணன் ஒருவர் கிட்டே வந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தோம். "என்ன தம்பி, ஸ்பார்க் பிளக்கா பாக்கப் போறீங்க?" என்று சிரித்தார். பாலிடெக்னிக் என்றதும் அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரே மாடலில் மூன்று கிடார்களை இறக்கிக் கொடுத்தார். அளந்தோம்: 2.8, 3.4, 2.5. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே மாடல், ஒரே விலை! படத்தைப் பார்த்து வாங்குகிறவனுக்கு இந்த மூன்றில் எது வந்து சேரும்?

2.5 இருந்ததை எடுத்துக்கொண்டு நெக்கைப் பார்த்தோம். முதல் ஃபிரெட்டையும், நெக் உடலோடு சேரும் 14-ஆவது ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் கம்பியே நேர்கோடு ஆகிவிடுகிறது. அப்போது 7-ஆவது ஃபிரெட்டில் இடைவெளி 0.2, 0.3 மி.மீ. இருக்கலாம். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன, நெக் கொஞ்சமாவது வளையத்தான் செய்யும். அதை எதிர்த்து நிற்கத்தான் உள்ளே டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி. எங்கள் கேஜ் 0.5 காட்டியது. அண்ணன் ஆலன் கீயை விட்டுக் கால் சுற்று, பிறகு இன்னும் கொஞ்சம் திருப்பினார். 0.25-க்கு வந்துவிட்டது. "ஏ.சி.ல இருந்து ஹாஸ்டலுக்குப் போனா மரம் ஈரத்த இழுக்கும். ரெண்டு வாரம் கழிச்சு ஒருதடவை அளந்து பாருங்க" என்றும் சொன்னார். சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். மேல்பலகையின் ரேகை விளிம்பிலும் நேராக இறங்கினால் ஒற்றைப் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். எங்கள் பட்ஜெட்டுக்குப் பிளைவுட்தான். பரவாயில்லை.

பில் போடும் நேரத்தில் நண்பன் என் காதோரம் வந்தான். "மச்சான், போன்ல அறுநூறு ரூபா கம்மிடா. பாத்தாச்சுல்ல, ரூமுக்குப் போய் ஆர்டர் போட்டுக்கலாமா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் சபலம் வந்தது. ஆனால் இப்படி எல்லோரும் கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினால் கடை எப்படி நிற்கும்? நியூயார்க்கில் 48-ஆவது தெருவே இசைக்கடைகளின் தெருவாக இருந்தது. அங்கே 1935-இல் தொடங்கிய மேனீஸ் 2009-இல் மூடப்பட்டது. 1924-இல் தொடங்கிய சாம் ஆஷ் நிறுவனம், நூறாவது ஆண்டில், 2024-இல், தன் கடைகள் அத்தனையையும் மூடியது. வாடகை, கடன் என்று காரணங்கள் பல இருக்கலாம். இணைய விற்பனையின் போட்டியும் அதில் ஒன்று. ஸ்டாண்டில் இருந்த மூன்று கிடார்களையும், ஆலன் கீ பிடித்த அந்தக் கையையும் அறுநூறு ரூபாய்க்கு இழக்கலாமா என்று கேட்டேன். "நீ பாதி போடுறியா?" என்றான். போட்டேன்.

இப்போது எஃப் கார்டு வருகிறது. சுத்தமாக வருகிறது என்று சொல்ல மாட்டேன், பக்கத்து அறைக்காரர்களைக் கேளுங்கள்.

அந்தப் பழைய கிடாரா? விரலால் அழுத்தத்தான் அது ஆகாது. கம்பி உயரமாக இருப்பதுதான் ஸ்லைடு வாசிக்கத் தோது. 1994-இல் கிராமி வாங்கிய விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையும் கிடாரிலிருந்து வந்ததுதான், அதிலும் கம்பியின் மேல் உருட்டுக் கம்பியைத்தான் நகர்த்துகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு துண்டு எஸ்.எஸ். ராடை டர்னிங் செய்து பாலிஷ் போட்டு வைத்திருக்கிறோம். கிடாரை மடியில் கிடத்தி, ராடை வழுக்கிப் பார்க்கிறோம். இப்போதைக்குப் பூனை கத்துவது போலத்தான் இருக்கிறது.