கடலில் வேலி எங்கே இடுவது?

மாணவச் செல்வங்களே! பாசிர் பெனாம்பாங்கிலும் செகிஞ்சானிலும் கரைசேரும் மீன், மீன்காரரின் வண்டியேறி நம் தோட்டத்து வீடுகளுக்கு வருவதை அறிவீர்கள். குஞ்சென்றும் சினையென்றும் பாராமல் பிடித்துத் தீர்த்தால், அம்மீன் நாளை கிடைக்குமா? கிடைக்காது. ஆதலின், கடலில் சில இடங்களில் மீன்பிடித்தலைத் தடைசெய்து, அவற்றைக் காப்பகங்களாக வைக்கின்றனர். கெடா மாநிலத்துப் பாயார்த் தீவின் சுற்றுக்கடல், 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தின்கீழ், 1994இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

காப்பகத்தை எங்கே அமைப்பது? செம்பனைக் கனி தாய்மரத்தடியிலேயே விழும். ஆனால், பெரும்பாலான கடல்மீன்களின் முட்டையும் இளங்குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து செல்லும். கடுகு போன்ற குஞ்சுக்கு அடையாளம் கட்டி அனுப்ப இயலுமோ? இயலாது. இங்கேதான் மரபணுவியல் துணைபுரிகிறது.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடற்குறிப்பே மரபணு. மீனின் துடுப்பில் சிறு துண்டை நறுக்கி ஆராய்ந்தால், எக்குஞ்சு எப்பெற்றோருக்குப் பிறந்தது என்பது புலனாகும். ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் இருவகை மீன்களை இவ்வாறு ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். அங்குள்ள பவளப்பாறைப் பரப்பில் 28 விழுக்காடே காப்பகம். ஆயினும், 30 கிலோமீட்டருக்குள் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி, காப்பகத்து மீன்களின் பிள்ளைகளே! அவற்றுட் பல, தடையில்லாத இடங்களிலும் சென்று வளர்ந்தன.

எல்லா மீனும் ஒருதன்மையன அல்ல. நாம் விரும்பி உண்ணும் கெம்போங் மீனின் தாய்வழி மரபணுவை மலேசியக் கடல்களில் ஆராய்ந்தவர்கள், வெவ்வேறு பகுதி மீன்களிடையே பெரிய வேற்றுமை இல்லை என 2015இல் அறிவித்தனர். கூட்டங்கூட்டமாகத் திரியும் அம்மீனுக்குச் சிறிய காப்பகம் ஒன்று மட்டும் போதாது. வலைக்கண்ணின் அளவையும் பிடிக்கும் அளவையும் மாநிலங்களும் அண்டை நாடுகளும் கூடி வரையறுத்தல் வேண்டும்.

காப்பகம் அமைந்தால் வலைவீசும் இடத்தை இழப்பவர் சிறுபடகு மீனவரே. அன்றாடக் கூலியின் அருமை அறிந்த நமக்கு அவர் துன்பம் விளங்கும். "சிலகாலம் பொறும்" என அவரிடம் சொல்லுமுன், பொறுத்ததன் பயன் அவர் வலைக்கே வந்து சேரும் என்பதற்குச் சான்று காட்ட வேண்டாவா? அச்சான்றைத் தேடித் தருவதே இவ்வாய்வின் சிறப்பு. வேலியிடும் இடம் தவறினால், அவர் இழப்பு வீணாகும்.

ஆகவே, மாணவர்களே! அறிவியற் பாடத்தைக் கருத்தூன்றிக் கற்பீர்களாக. பெற்றோர்களே! அத்தகைய ஆய்வுக்கூடத்தில் நம் தோட்டத்துப் பிள்ளையும் ஒருநாள் அமர்தல் வேண்டும் என்பதே என் அவா.